மூங்கில் மரமா, புல்லா? – ஒரு கட்டுமானப் பொருளின் கதை

மூங்கில் மரமா, புல்லா?

தாவரவியல் படித்த யாரைக் கேட்டாலும் 'புல்' என்று உடனே சொல்லிவிடுவார்கள். நெல், கோதுமை, கரும்பு, அருகம்புல் எல்லாம் எந்தக் குடும்பமோ, மூங்கிலும் அதே குடும்பம்தான். ஆனால் இந்தியச் சட்டம் 1927 முதல் 2017 வரை, தொண்ணூறு ஆண்டுகள், மூங்கிலை 'மரம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது!

ஒரு சொல்லில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். அந்த ஒரு சொல்லால்தான், பல மாநிலங்களில் தன் சொந்தக் கொல்லையில் வளர்ந்த மூங்கிலை அடுத்த ஊருக்கு வண்டியில் ஏற்றிப் போக ஒரு விவசாயி வனத்துறையின் அனுமதிச் சீட்டுக்கு நடையாய் நடந்தார். காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர் தன் வீட்டுக்கு நாலு கழி வெட்டினால் அது வனக்குற்றம். அதே காட்டில் குத்தகை எடுத்த காகித ஆலை லாரி லாரியாக வெட்டினால் அது தொழில் வளர்ச்சி.

இன்று 'பசுமைக் கட்டிடம்' பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் மூங்கிலைப் புகழ்கிறார்கள். வேகமாக வளர்கிறது, கரியை உறிஞ்சுகிறது, சிமெண்டுக்கும் எஃகுக்கும் மாற்று என்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தியாவில் மூங்கிலின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. மூங்கில் அழியாமல் நீடிக்குமா என்பதைச் செடி மட்டும் தீர்மானிக்கவில்லை. அது யார் கையில் இருந்தது, என்ன விலைக்குப் போனது, வெட்டியவருக்கு அடுத்த ஆண்டும் அங்கே வேலை இருந்ததா என்பவையும் சேர்ந்துதான் தீர்மானித்திருக்கின்றன.

முதலும் வட்டியும்

முதலில் செடியின் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஒரு தேக்கு மரத்தை வெட்டினால் அந்த மரம் முடிந்தது. மறுபடி நட்டு, பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். மூங்கில் அப்படி இல்லை. மண்ணுக்குள் இருக்கும் அதன் கிழங்கு போன்ற அடித்தண்டுதான் உண்மையான செடி. அதிலிருந்து ஒவ்வொரு மழைக்காலத்திலும் புதுக் குருத்துகள் கிளம்புகின்றன. குருத்து மண்ணை விட்டு வெளியே வரும்போதே அதன் பருமன் முடிவாகிவிடுகிறது. அதன்பின் அது பருப்பதில்லை, உயர்வது மட்டும்தான். முழு உயரத்தையும் சில மாதங்களிலேயே எட்டிவிடுகிறது. பிறகு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் நின்று உள்ளுக்குள் இறுகி, வீடு கட்டும் அளவுக்கு முற்றுகிறது.

ஆகவே ஒரு மூங்கில் புதரில் ஒரு வயதுக் கழியும் இருக்கும், நாலு வயதுக் கழியும் இருக்கும். முற்றியதை மட்டும் வெட்டி, இளசை விட்டுவைத்தால் புதர் சாவதில்லை. இதை வங்கிக் கணக்கோடு ஒப்பிடலாம். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கும் இளங்கழிகளும் முதல். ஆண்டுதோறும் முற்றும் கழிகள் வட்டி. வட்டியை மட்டும் எடுத்துச் செலவு செய்கிறவன் பல ஆண்டுகள் செலவு செய்யலாம். முதலில் கைவைத்தால்? அதற்கும் வருவோம்.

சுற்றுச்சூழல் கணக்கும் இதை ஒட்டியதுதான். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியிலிருந்து மட்டும் வருகிறது. மூங்கிலோ வளரும்போதே கரியை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் கரி, கழி இருக்கும் வரைதான் உள்ளே இருக்கும். உளுத்துக் கொட்டினாலோ எரிந்தாலோ திரும்பக் காற்றுக்கே போய்விடும். இரண்டு ஆண்டில் மட்கும் வேலியால் பெரிய லாபம் இல்லை. முப்பது ஆண்டு நிற்கும் வீட்டால் லாபம் உண்டு. ஆக, நீடித்து உழைக்கும்படி கட்டினால்தான் மூங்கில் உண்மையில் 'பசுமை'.

வேய்ந்தவர்கள்

தமிழில் மூங்கிலுக்கு 'வேய்' என்றும் பெயர். கூரை போடுவதற்கும் 'வேய்தல்' என்கிறோம். வீட்டுக்கும் மூங்கிலுக்கும் உள்ள உறவைச் சொல்ல வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் மூங்கிலே வீடாக இருந்த நிலம் என்றால் அது இந்தியாவின் வடகிழக்குதான். மிசோரம், அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, திரிபுரா மலைகளில் தரைக்கு மேல் கால்கள் நட்டு, அதன்மேல் மூங்கில் பிளாச்சுகளைப் பரப்பித் தளம் போட்டு, மூங்கிலைப் பிளந்து விரித்து முடைந்த தட்டிகளால் சுவர் வைத்து வீடு கட்டினார்கள். ஊரே சேர்ந்து கட்டும். ஆணி கிடையாது, பிரம்பு நாரால் கட்டுதான்.

இந்த வீடுகள் நிரந்தரமானவை அல்ல. மூங்கிலின் பெரிய பலவீனம் அதன் உள்ளே இருக்கும் மாவுச்சத்து. அதைத் தின்னும் வண்டு துளைத்துத் துளைத்துக் கழியைப் பொடியாக்கிவிடும். தரையில் பட்டால் கறையான், நனைந்தால் பூஞ்சை. எந்தப் பதப்படுத்தலும் இல்லாமல் மண்ணில் நட்ட மூங்கில் ஒன்றிரண்டு ஆண்டுகள்தான் தாங்கும். கூரைக்கு அடியில் நனையாமல் இருந்தால் நாலிலிருந்து ஏழு ஆண்டுகள்.

பழைய ஆட்களுக்கு இது தெரியாமல் இல்லை. வெட்டிய கழியை வாரக்கணக்கில் குளத்திலோ ஓடையிலோ ஊறப்போட்டார்கள். மாவுச்சத்து கரைந்து போகும். அடுப்புக்கு மேலே பரணில் வைத்துப் புகை போட்டார்கள். குருத்து விடும் மழைக்காலத்தில் வெட்டாமல், மாவுச்சத்து குறைந்திருக்கும் பனிக்காலத்தில் வெட்டினார்கள். அப்படியும் உளுத்துப்போன கழியை மாற்றினார்கள். பக்கத்துக் காட்டில் புதுக்கழி தயாராக இருந்தது, மாற்றுவது ஒருநாள் வேலை. வீடு பழையதாகும், காடு பழையதாகாது. இந்த ஏற்பாடு நடப்பதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: காடு கைக்கெட்டும் தூரத்தில், கேட்காமல் எடுக்கும் உரிமையோடு இருக்க வேண்டும்.

1897: மண் குலுங்கியபோது

1897 ஜூன் 12 அன்று மாலை அசாமையும் ஷில்லாங் பீடபூமியையும் ஒரு மாபெரும் நிலநடுக்கம் தாக்கியது. ரிக்டர் அளவில் 8-க்கு மேல் இருக்கும் என்று இன்று கணிக்கிறார்கள். ஆங்கிலேயர்கள் ஷில்லாங்கில் கல்லால் கட்டிய கட்டிடங்கள் சரிந்து குவியலாகின. ஏறக்குறைய 1,500 பேர் இறந்தார்கள்.

கனமான கல் கட்டிடம் விழுந்த இடத்தில், மரச்சட்டமும் நாணலும் மூங்கிலும் கொண்ட இலேசான வீடுகள் ஆடிவிட்டு நின்றன. இதிலிருந்து கிளைத்ததுதான் 'அசாம் வகை' வீடு. கீழே இடுப்பளவுக்குச் செங்கல், அதற்கு மேல் மரச்சட்டம், சட்டங்களுக்கு நடுவே 'இக்ரா' என்ற நாணலையோ மூங்கில் பிளாச்சையோ நிரப்பி இரு பக்கமும் பூச்சு, மேலே இலேசான தகரக் கூரை. அரசு அலுவலகம், பங்களா, பள்ளிக்கூடம் எல்லாம் இந்த முறையில் எழுந்தன. 1950 ஆகஸ்ட் 15 அன்று, நாடு சுதந்திர தினத்தைக் கொண்டாடிய நாளில், அதைவிடப் பெரிய 8.6 அளவு நிலநடுக்கம் அசாமைக் குலுக்கியபோதும் இந்த வகை வீடுகள் தங்கள் மதிப்பைக் காட்டின.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இங்கே பழங்குடியினரின் அறிவும் ஆங்கிலேயப் பொறியியலும் ஒன்றாகச் சேர்ந்தன. மூங்கில் 'ஏழைகளின் மரம்' என்ற நிலையிலிருந்து அதிகாரிகளின் வீட்டுச் சுவருக்குள் ஏறியது. கதை இப்படியே போயிருக்கலாம். ஆனால் அதே அரசாங்கத்தின் இன்னொரு துறை வேறு கதை எழுதிக்கொண்டிருந்தது.

களை, பிறகு கச்சாப்பொருள்

ரயில் பாதைகளுக்கு அடிக்கட்டை தேவைப்பட்டதால் இந்தியக் காடுகளை நிர்வகிக்க 1864-ல் வனத்துறை உருவாக்கப்பட்டது. ஜெர்மானியரான டீட்ரிச் பிராண்டிஸ் அதன் முதல் தலைமை அதிகாரி. 1865-ல் முதல் வனச் சட்டம், 1878-ல் அதைவிடக் கடுமையான சட்டம், கடைசியாக 1927-ல் இந்திய வனச் சட்டம். இந்த 1927 சட்டத்தின் 2(7) பிரிவில்தான் 'மரம்' என்ற சொல்லுக்குள் பனை வகைகள், மூங்கில், அடிக்கட்டை, புதர்க்கட்டை, பிரம்பு எல்லாம் அடங்கும் என்று எழுதப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், தேக்கு வளர்ப்பதையே குறியாகக் கொண்டிருந்த ஆரம்பகால வன அதிகாரிகள் மூங்கிலை ஒரு களையாகத்தான் பார்த்தார்கள். தேக்குக்கு இடைஞ்சல், வெட்டி எறி என்பதே பல இடங்களில் திட்டம். பிறகு எப்போது அது மதிப்பு பெற்றது? காகிதம் செய்யலாம் என்று தெரிந்தபோது!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் மூங்கில் கூழ் பற்றிய சோதனைகள் நடந்தன. 1925-ல் மூங்கில் காகிதத் தொழில் பாதுகாப்புச் சட்டம் என்றே ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டுக் காகிதத்துக்கு இறக்குமதி வரி போட்டு, உள்நாட்டு மூங்கில் காகிதத்தைக் காப்பாற்றுவது அதன் நோக்கம். ஒரு புல்லின் பெயரில் சுங்கவரிச் சட்டம் வருவது அவ்வளவு சாதாரணம் அல்ல. அந்த நாள் முதல் மூங்கில் என்றால் அரசின் கண்ணில் 'கூழ்'. கூடையும் வீடும் பின்னால் போய்விட்டன.

டன் ஒன்றரை ரூபாய்

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தப் பார்வை மாறவில்லை. படிப்பறிவு பரவ வேண்டும், அதற்குக் காகிதம் வேண்டும், காகிதத்துக்கு மூங்கில் வேண்டும். நோக்கத்தில் தவறில்லை. தவறு விலையில் இருந்தது.

1950-களின் இறுதியில் கர்நாடகத்தின் வட கன்னடப் பகுதியில் தொடங்கிய ஒரு காகித ஆலைக்கு, காட்டு மூங்கில் டன் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் என்ற விலையில் கொடுக்கப்பட்டது. அச்சுப்பிழை அல்ல, ஒன்றரை ரூபாய்தான். அதே மூங்கிலைக் கூடை முடையும் மேதர் சமூகத்தினர் சந்தையில் டன் ஆயிரக்கணக்கான ரூபாய் என்ற விலையில் வாங்க வேண்டியிருந்தது.

கொஞ்ச காலத்தில் மூங்கிலே கிடைக்காமல் போனது. கூடை முடைவோர் முறையிட்டார்கள். ஆலை தரப்பும் வனத்துறையும் 'கிராமத்தார் கண்டபடி வெட்டுவதால்தான் அழிகிறது' என்றார்கள். சூழலியல் அறிஞர் மாதவ் காட்கிலும் எஸ்.என். பிரசாத்தும் 1970-களில் காடு காடாகப் போய் ஆராய்ந்தபோது தெரிந்தது நேர்மாறான செய்தி. அங்கே வளர்வது முள் மூங்கில். புதரின் அடிப்பகுதியில் முள்கிளைகள் பின்னி ஒரு வேலிபோல் இருக்கும். உள்ளே கிளம்பும் இளங்குருத்தை ஆடு மாடுகளும் காட்டு விலங்குகளும் தின்னாமல் காப்பது அந்த முள்வேலிதான். கிராமத்தார் அதைத் தொடாமல் மேலே வெட்டினார்கள். ஆலைக்கு வெட்டும் முறையிலோ அடி முள்ளைச் 'சுத்தம்' செய்தார்கள், அதுதான் அறிவியல் முறை என்று நம்பி. வேலி போனது, குருத்தும் போனது. காட்டில் எவ்வளவு மூங்கில் இருக்கிறது என்ற மதிப்பீடே முதலில் மிகைப்படுத்தப்பட்டிருந்தது என்பதும் வெளிவந்தது.

இங்கேதான் வங்கிக் கணக்கு நினைவுக்கு வருகிறது. ஒரு பொருள் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கும்போது அதைக் காப்பாற்றிச் செலவு செய்ய யாருக்கும் காரணம் இருப்பதில்லை. முதலும் வட்டியும் ஒன்றாகக் கரைகின்றன. பக்கத்துக் காடு தீர்ந்தால் அடுத்த காடு, அதுவும் தீர்ந்தால் தைல மரம். ஆலைக்கு மாற்று வழி இருந்தது. கூடை முடைவோருக்கும் மூங்கில் வீட்டில் வாழ்ந்தோருக்கும் மாற்று வழி இல்லை. விலையைக் குறைத்து எழுதியது ஒருவர், அதன் செலவைக் கட்டியது இன்னொருவர்.

பூத்தால் பஞ்சம்

மூங்கிலின் குறை எல்லாம் மனிதர்கள் செய்தது மட்டும் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு இயற்கையாகவே ஒரு வினோத குணம் உண்டு. பல மூங்கில் வகைகள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே சமயத்தில் பூத்து, விதை விட்டு, மொத்தமாகச் செத்துப்போகும்.

தமிழர்களுக்கு இந்த விதை தெரிந்ததுதான். மூங்கிலரிசி. பாரியின் பறம்பு மலையைப் பாடிய கபிலர், உழவர் உழாமலே அந்த மலை தரும் பொருள்களில் முதலாவதாக மூங்கில் நெல்லைத்தான் புறநானூற்றில் சொல்கிறார். பறம்பு மலையில் அது வளம். மிசோரமில் அது பஞ்சம்.

மிசோ மலைகளை மூடியிருக்கும் மூங்கில் சுமார் 48 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. அதன் சதைப்பற்றான காய்களைத் தின்று எலிகள் கட்டுக்கடங்காமல் பெருகும். காய் தீர்ந்ததும் எலிப்படை நெல் வயலுக்குள் இறங்கும். இதை மிசோக்கள் 'மாவ்தாம்' என்கிறார்கள், மூங்கில் சாவு என்று பொருள். 1959-ல் மாவ்தாம் வந்தது. வரப்போகிறது என்று மலை மக்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். அப்போது மிசோ மலைகள் அசாம் மாநிலத்தின் ஒரு மாவட்டம். அந்த எச்சரிக்கையை அரசு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்ச நிவாரணத்துக்காக 1960-ல் உருவான மிசோ தேசியப் பஞ்ச முன்னணி, 1961-ல் லால்டெங்கா தலைமையில் மிசோ தேசிய முன்னணியாக மாறியது. 1966-ல் ஆயுதக் கிளர்ச்சி, அதே ஆண்டு மார்ச்சில் அய்ஸால் மீது இந்திய விமானப்படையின் தாக்குதல், 1986-ல்தான் சமாதான ஒப்பந்தம். ஒரு புல் பூத்ததைக் கவனிக்கத் தவறியதற்கு இருபத்தைந்து ஆண்டு விலை!

2006 முதல் 2008 வரை அடுத்த பூப்பு வந்தது. இம்முறை தேதி எல்லோருக்கும் தெரியும். முன்னேற்பாடுகள் நடந்தன. பயிர் நாசம் ஏற்பட்டது, ஆனால் 1959 திரும்பவில்லை.

கட்டுமானத்துக்கு இதில் உள்ள பாடம் எளிது. ஒரே வகை மூங்கிலை மட்டும் நம்பி ஊரும் தொழிலும் இருக்கக்கூடாது. அது பூக்கும் ஆண்டில் வீட்டுக்குக் கழியும் இருக்காது, விதையிலிருந்து வரும் கன்று முற்றிய கழி தரப் பல ஆண்டுகள் ஆகும். பல வகைகளைக் கலந்து வளர்ப்பதும், பூக்கும் காலத்துக்கு முன்பே முற்றியதை வெட்டிப் பயன்படுத்துவதும்தான் வழி.

'கச்சா' என்ற முத்திரை

இதற்கிடையில் வீடு என்றாலே சிமெண்ட் என்றாகிவிட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடுகளைப் 'பக்கா', 'கச்சா' என்று பிரித்தபோது மூங்கில் சுவரும் மூங்கில் கூரையும் மண், புல், ஓலையோடு சேர்ந்து 'கச்சா' பட்டியலில் உட்கார்ந்தன. இரண்டு ஆண்டில் உளுத்துப்போகும் தட்டியும், அசாமில் பல பத்தாண்டுகள் நின்ற பூச்சுச் சுவரும் அந்தக் கட்டத்துக்குள் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்! மூங்கில் வீட்டில் இருப்பது வறுமையின் அடையாளம் என்று வீட்டுக்காரரே நம்ப ஆரம்பித்தார். காசு வந்தவுடன் முதலில் மூங்கிலைப் பிரித்தார்கள்.

இப்படித்தான் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு உலகின் மறுபக்கத்தில் ஓர் உதாரணம் உண்டு. தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் காபி விளையும் மலைகளில் 'குவாதுவா' என்ற தடித்த மூங்கிலால் சட்டமிட்டு, மேலே பூசிக் கட்டும் வீட்டு முறைக்குப் 'பஹரேக்கே' என்று பெயர். அங்கும் இது ஏழைகளின் வீடு என்று ஒதுக்கப்பட்டது. 1999 ஜனவரி 25 அன்று ஆர்மேனியா நகரை நிலநடுக்கம் தாக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பொறியாளர்கள் இடிபாடுகளைப் பார்வையிட்டபோது, உளுக்காமல் பராமரித்த பஹரேக்கே வீடுகள் பல நிமிர்ந்து நிற்பதைக் கண்டார்கள். பராமரிக்காதவை விழுந்திருந்தன. அந்நாடு அதோடு விட்டுவிடவில்லை. பொறியாளர்கள் சோதனை செய்தார்கள், அளவுகளை வகுத்தார்கள், சில ஆண்டுகளில் அந்த முறை நாட்டின் நிலநடுக்கக் கட்டிட விதிகளுக்குள் நுழைந்தது. 2010-ன் விதித் தொகுப்பில் குவாதுவா கட்டுமானத்துக்குத் தனிப் பகுதியே உண்டு.

1897-லேயே இதே பாடத்தைக் கண்ட இந்தியாவில், மூங்கிலைக் கொண்டு கட்டிடச் சட்டகம் வடிவமைப்பதற்கான இந்தியத் தரம் (ஐஎஸ் 15912) வந்தது 2012-ல்.

மெந்தா லேகாவின் அனுமதிச் சீட்டு

சட்டத்தின் கதைக்குத் திரும்புவோம். 2006-ல் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. அதில் மூங்கில் 'சிறு வன மகசூல்' என்று தெளிவாக எழுதப்பட்டது. அதாவது அதைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டில் வாழ்வோருக்கே உரிமை. ஆனால் 1927 சட்டம் இன்னும் அதை மரம் என்றது. ஒரே செடி, இரண்டு சட்டம், இரண்டு பெயர்!

மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் மெந்தா லேகா என்ற சின்னஞ்சிறு கோண்டு பழங்குடிக் கிராமம். தங்களைச் சுற்றியுள்ள காட்டு மூங்கில் காகித ஆலைக்குக் குத்தகையாகப் போவதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடிய ஊர். எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு என்ற கிராம சபை வழக்கத்துக்குப் பெயர் பெற்ற ஊர். 2009-ல் ஏறக்குறைய 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக உரிமை அந்த ஊருக்குக் கிடைத்தது. சரி, மூங்கிலை வெட்டி விற்கலாம் என்று பார்த்தால், வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். அதைக் கொடுக்க வனத்துறை மறுத்தது. உரிமை உண்டு, ஆனால் சாலையில் லாரி ஓடக்கூடாது!

2011 மார்ச்சில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், மூங்கிலைச் சிறு வன மகசூலாகக் கருதும்படி மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 27 அன்று அவரே மெந்தா லேகாவுக்கு வந்தார். அனுமதிச் சீட்டு வழங்கும் அதிகாரம் கிராம சபையின் கைக்கு மாறியது. அதுவரை காட்டில் வெட்டுக்கூலி மட்டும் வாங்கியவர்கள், அன்று முதல் விலை பேசும் வியாபாரிகள் ஆனார்கள்.

விலை அவர்களுக்கே கிடைக்கும்போது, முற்றாத கழியை வெட்டுவது தங்கள் அடுத்த ஆண்டு வருமானத்தைத் தாங்களே வெட்டுவது என்பது யாரும் சொல்லாமலே புரியும். ஒன்றரை ரூபாய் விலையால் வராத பொறுப்பு இப்படித்தான் வருகிறது.

மறுபடியும் புல்லானது

2017 நவம்பர் 23 அன்று ஓர் அவசரச் சட்டம் மூலம், அடுத்த மாதமே நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு, 1927 சட்டத்தின் 2(7) பிரிவிலிருந்து 'மூங்கில்' என்ற சொல் நீக்கப்பட்டது. சொந்த நிலத்தில் மூங்கில் வளர்ப்பவர் இனி வெட்டவும் எடுத்துச் செல்லவும் மரத்துக்கான அனுமதி தேடி அலைய வேண்டாம். காட்டுக்குள் வளரும் மூங்கில் இன்னும் வன விளைபொருள்தான். அங்கே வன உரிமைச் சட்டம் எவ்வளவு ஒழுங்காக நடைமுறையாகிறதோ அவ்வளவுதான் மக்களுக்கு உரிமை.

தொண்ணூறு ஆண்டுத் தாமதத்துக்கு என்ன விலை? இந்திய வன நிலை அறிக்கை 2021-ன்படி மூங்கில் உள்ள வனப்பரப்பு ஏறக்குறைய 1.49 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிட அதிகம். அப்படிப்பட்ட நாடு ஊதுபத்திக் குச்சிக்கே வியட்நாமையும் சீனாவையும் நம்பியிருந்தது. 2020 ஜூனில் மூங்கில் குச்சி மீதான இறக்குமதி வரியை 10-லிருந்து 25 சதவீதமாக உயர்த்த வேண்டி வந்தது. 1925-ல் காகிதத்துக்குச் செய்ததை மறுபடி குச்சிக்குச் செய்தார்கள்!

கட்டுமானத்தில் மாற்றம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. 2022 நவம்பரில் திறக்கப்பட்ட பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தின் மேல்தளம் முழுக்க மூங்கில் பட்டைகள். 2023-ல் திறந்த புதிய நாடாளுமன்றத்தின் தரைக்குத் திரிபுராவிலிருந்து மூங்கில் வந்தது. 'கச்சா' என்று முத்திரை குத்தப்பட்ட பொருள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே போய்விட்டது.

ஆனால் இங்கும் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். இத்தகைய மூங்கில் பலகை என்பது கழியைப் பட்டை பட்டையாகச் சீவி, மருந்திட்டு, பசை போட்டு அழுத்திச் செய்வது. அந்தப் பசை என்ன, அதற்கான மின்சாரம் எங்கிருந்து, எவ்வளவு தூரம் லாரியில் வந்தது என்பதையெல்லாம் கூட்டாமல் 'பசுமை' என்று எழுதுவது பாதி ஐந்தொகை. போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்த முழுக்கழி இதைவிட எளிது, செலவும் குறைவு, வண்டும் அண்டாது. ஆனால் அந்த உப்பு நீரில் கரைந்துவிடும், ஆகவே மழை படாமல் கூரையை நன்றாக வெளியே நீட்டிக் கட்ட வேண்டும். கழியின் கால் தரையைத் தொடாமல் கல் மீதோ காங்கிரீட் மீதோ நிற்க வேண்டும். தலைக்குத் தொப்பி, காலுக்குச் செருப்பு என்பது இதன் சுருக்கம். எஃகுக் கம்பிக்குப் பதிலாகக் காங்கிரீட்டுக்குள் மூங்கிலைப் புதைத்தால் மலிவாக முடியும் என்று சிலர் சொல்வதை நம்புவதும் ஆபத்து. ஈரத்தில் மூங்கில் உப்பி, காய்ந்ததும் சுருங்கி, காங்கிரீட்டோடு பிடிப்பை இழந்துவிடும்.

கடைசியாக...

மூங்கில் நீடித்த கட்டுமானப் பொருளா? செடியைக் கேட்டால் 'ஆம்' என்று சொல்லும். ஆண்டுதோறும் வட்டி தரும் இப்படி ஒரு முதல் இயற்கையில் அபூர்வம்.

வரலாற்றைக் கேட்டால் அது மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கும். வெட்டுகிறவருக்கு அந்தப் புதரின் மீது உரிமை உண்டா? அவருக்கு நியாயமான விலை கிடைக்கிறதா? கட்டுகிறவர் அதைப் பதப்படுத்திப் பராமரிப்பாரா? மூன்றுக்கும் பதில் 'ஆம்' என்றால், 1950-ல் அசாமில் நின்றதுபோல், 1999-ல் ஆர்மேனியாவில் நின்றதுபோல், அந்த வீடு நிற்கும். அதற்குக் கழி கொடுத்த காடும் நிற்கும்.

மூங்கில் அன்றும் புல்தான், இன்றும் புல்தான். சட்டப் புத்தகம் அதை ஒப்புக்கொள்ளத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. அந்தத் தொண்ணூறு ஆண்டுகளின் நட்டத்தைக் கட்டியவர்கள் பெயர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அடுத்தமுறை விமான நிலையத்தில் நிமிர்ந்து அந்த அழகான மூங்கில் கூரையைப் பார்க்கும்போது, கூடை முடைந்த அந்தக் கைகளையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.